உள்ளேயே வேர்த்த பெட்டி

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தார் காய்ச்சுகிறார்கள். மழைக்கு முன்னால் தட்டிக் கூரையின் பொத்தல்களை அடைக்கிற வேலை. புகை நம் வீட்டுக்குள்ளும் வந்து கொடியில் கிடந்த துணியிலெல்லாம் ஏறிவிட்டது. நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும், “ஞாயித்துக்கெழமன்னா உங்களுக்கு வேற வேலையே கெடையாதா” என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. பாதியில்தான் வீட்டில் யாருமில்லை என்பது உறைத்தது. மீதியை விழுங்கிக்கொண்டு கேழ்வரகைப் புடைத்தேன்.

உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதலாமென்றாலும் கை வரவில்லை. மிஷன் பள்ளியில் படித்தவள் என்று என்னைப் பற்றி சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற இந்த லைன் முழுக்கப் பெருமை பேசுவீர்கள். ஆனால் உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் வீட்டுக்கு வந்து சேருகிற மனிதருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதுகிறேன். வெளியே மேகம் கருத்து நிற்கிறது, இன்னும் விழவில்லை. தங்கத்துக்காகப் பாறையை இடிக்கிற மில் எப்போதும்போல இடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போதும், காலமெல்லாம் கலைந்துபோய், தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் மல்லாந்து கிடந்து எதையோ முடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் நம் குடும்பம் விளக்கு வெளிச்சத்தில் நடந்த குடும்பம். விடியுமுன் சங்கு ஊதும், நீங்கள் கூழைக் குடித்துவிட்டுப் போவீர்கள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் இறங்கிவிட்டால் அப்புறம் உங்களுக்குப் பகல் கிடையாது. கேஜை ஏற்று, இறக்கு என்று கீழேயிருந்து மேலே சொல்லுகிற மின்சார மணிக்கு ஒயரும் பேட்டரியும் உங்கள் பொறுப்பு. கேஜ் ஏறி இறங்குகிற குழியில், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிற அந்த ஷாப்டில், மணி அடிக்கடி ஊமையாகும். மற்றவர்கள் ஷிப்டு முடிந்து ஏறிவிட்டாலும் நீங்கள் அதைப் பேசவைத்துவிட்டுத்தான் ஏறுவீர்கள். வீடு வரும்போது நான் மறுபடியும் விளக்கேற்றியிருப்பேன். தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்து, துண்டை என் கையிலிருந்து வாங்கும்போதே இருமத் தொடங்குவீர்கள். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவேயில்லை. ஈரத்துக்கு வருகிற இருமல் என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் அது வெயில் காலத்திலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு வாய்த்த பகல். அதிலும் பாதி மிஷன் கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தே போய்விடும். மீதியாவது என்னுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தில் மண்ணைப் போட்டது டாக்டர் துரையின் மோட்டார்.

பாலத்துச் சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கிப்போன வண்டி அது. டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது அதைப் பட்டறையில் போட்டுவிட்டுப் போனார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் பட்டறைத் துரையிடம் சொல்ல, ஆகவில்லையென்றால் நீயே எடுத்துப்போ என்று அவர் சிரித்தாராம். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நீங்கள் மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு போய் நின்றீர்கள். கொண்டுவந்து இறக்கிய இடம் நான் கோழிக்கூடு வைத்திருந்த இடம். அன்றைக்குக் கோழிகள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதன்மேல் உடைந்த ஜட்கா ஒன்றின் கூட்டை ஏற்றினீர்கள். முன்சக்கரம் டாக்டருடையது, பின்சக்கரம் ஜட்காவுடையது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி எதையோ முகர்ந்து பார்க்கக் குனிந்ததுபோல இருக்கும். எதிர்வீட்டு ராசம்மா அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டாள். “இன்னாடி, ஒன் சக்களத்திக்கு இன்னிக்கு எண்ணெக் குளியலா?” என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து எஞ்சினிலிருந்த காயில் என்கிற சாமானைக் காட்டினீர்கள். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி பிடித்துக்கொள்ள ஒரு பொறி வேண்டும், பேட்டரியின் சின்னச் சக்தியை அந்தப் பொறியாகப் பெருக்கித் தருவது இதுதான் என்றீர்கள். அதன் தலையில் ஒரு இரும்பு நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது. வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். “நம்ம மணிக்கு இது தம்பி மே. அதுவும் இப்டித்தான் துடிக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டுச்சுன்னா ரெண்டுமே வாயை மூடிக்கும்.” இதைச் சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிப்போனது, தூங்குகிற குழந்தையைக் காட்டுகிறவர்போல. எனக்கு அப்போதுதான் வண்டியின்மேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைந்தது.

முழுக்கக் கரைந்தது வேறொரு நாள். களி உருண்டையைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமலே பேசினீர்கள்.

“தண்ணி எறைக்கிற பம்பு சாமான் ரயில்ல வந்து ஊரிகம் ஸ்டேஷன்ல கெடக்குது. மழையில மாட்டு வண்டி நம்ம பாலகாட் பட்டறைக்கு வந்து சேர்றதுக்குள்ள சுரங்கத்துல கீழ லெவலே முங்கிப் பூடுது. பட்டறைத் தொரைக்கு ஒரு மோட்டாரு வேணுமாம். வெயில்ல ஓடற வண்டி எனக்கு எதுக்குன்றாரு. மழையில நிக்காம என் வண்டி ஸ்டேஷன்லருந்து பட்டறைக்குப் போச்சுன்னா, அதுக்கு டிரைவரும் நான்தான், பிட்டரும் நான்தான். கீழ எறங்க வாணாம்.”

“போவலன்னா?”

“புது லெவல் ஒண்ணு தோண்டறாங்க. இருக்கிறதுலயே ஆழம் அதுதான். அங்க மணிக்கு ஒயர் இழுக்க ஆளு வேணும். என்னைத்தான் போடுவாங்க.”

சொல்லிவிட்டு இருமினீர்கள். நான் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினேன். அன்றிரவு ஜெபத்தில் நம் இரண்டு பேர் பெயருக்கு அப்புறம் வண்டியையும் சேர்த்துக்கொண்டேன். கர்த்தருக்கு அது புரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகந்தான்.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் வந்து சேர்ந்தார். உங்கள் கூட்டாளி, எப்போதும் தண்ணீர் ஊறுகிற தண்ணி லெவலில் பாறைக்கு வெடி வைக்கிறவர். தண்ணீர் என்றால் தன்னைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்யக்கூடாது என்பது அவர் எண்ணம். திரியும் வெடியைப் பற்றவைக்கிற கேப்பும் சேருகிற இடத்தில் ஆட்டுக் கொழுப்பை அப்பி, மேலே தார் பூசிவிட்டால் குளத்துக்குள் வைத்தாலும் வெடி வெடிக்கும் என்றார். அது உண்மைதான். அந்த லெவலில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், உங்களுக்கும் அது கைவந்த வேலை. டைனமைட் வந்த பலகைப்பெட்டி ஒன்றைக் கீழேயிருந்து தூக்கிவந்தீர்கள். காயிலை அதற்குள் வைத்து எஞ்சினுக்குப் பக்கத்தில், உட்காரும் பலகைக்கு அடியில் பொருத்தினீர்கள். மூடியைச் சுற்றிக் கொழுப்பு, ஒயர் நுழைகிற இடமெல்லாம் கொழுப்பு, அதன்மேல் துணி, துணியின்மேல் தார். நம் வீடு கசாப்புக் கடையும் ரோடு போடுகிற இடமும் சேர்ந்த மாதிரி நாறியது.

முதல் ஓட்டம் நல்ல வெயில் நாளில். கோயில் விட்டு வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கைப்பிடியைச் சுற்றியதும் வண்டி உடம்பை உதறிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டைத் தாண்டும்போது எஞ்சின் விக்கியது, இன்னொரு தடவை விக்கியது, நின்றுவிட்டது. எல்லாரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராசம்மா, “சக்களத்தி கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போறா போல” என்றாள்.

பெட்டியைத் திறந்தீர்கள். மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். உருகிய கொழுப்பு வேறு வழிந்து அந்த இரும்பு நாக்கின்மேல் படிந்திருந்தது.

“ஒரு ஊசி போற சந்து இல்ல. வானத்துல ஒரு மேகமும் இல்ல. தண்ணி எந்த வழியா வந்துச்சு?” என்றீர்கள். அந்தோணி அண்ணன் யோசிக்கவேயில்லை. “எங்கியோ சந்து கீது. இன்னும் ஒரு பூச்சு போடு.”

போட்டீர்கள். அடுத்த ஞாயிறும் அதே இடம், அதே விக்கல். மறுபடியும் ஒரு பூச்சு. எவ்வளவு இறுக்கி மூடினீர்களோ அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றது. மேகங்கள் வரத் தொடங்கியிருந்தன. துரை மழைக்காகக் காத்திருந்தார், நான் மழை வேண்டாமென்று காத்திருந்தேன். புது லெவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று குழாயடியில் பேச்சு வந்தால் குடம் நிறையும்முன்னே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்த வண்டி இப்போதெல்லாம் என் கனவில் வருகிறது. கனவில் அதற்குச் சத்தமே கிடையாது. பனி மூடிய ரோட்டில் மிதந்துகொண்டு போகிறது. மழை பெய்கிறது, ஆனால் வண்டியின்மேல் விழாமல் இரண்டு பக்கமும் நின்று வழிவிடுகிறது. நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பின்னால் ஏறியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் மெதுவாகவே ஓட்டுகிறீர்கள். எங்கே போகிறோம் என்று நான் கேட்பதில்லை. விழித்ததும் கொஞ்ச நேரம் ஆட்டம் உடம்பில் இருக்கும். மில் இடிக்கிற ஆட்டந்தான் அது, எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே எழுந்திருக்க மாட்டேன்.

விடை வந்தது அடுப்பிலிருந்து. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அத்தி பூத்தாற்போல நீங்கள் நேரத்தோடு வந்திருந்தீர்கள். சோறு கொதித்து அடங்கியிருந்தது. மூடியை எடுத்தேன், அதிலிருந்த தண்ணீர் வழிந்து நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. அப்படியே மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

“இன்னாங்க, இதுல தண்ணி எந்த வழியா வந்துச்சு?”

“இன்னாமே கேள்வி இது? உள்ள வேவுது, ஆவி வருது.”

“ஒங்க பொட்டியில?”

“அதுல இன்னா வேவுது, சோறா?”

“அந்தப் பலகைங்க. தண்ணி லெவல்ல ஊறிக் கெடந்த பலகை. நீங்க தூக்கினு வந்த அன்னிக்கு வாசல்லருந்து பின்னால வரைக்கும் சொட்டிச்சு, நான்தான் தொடச்சேன். எஞ்சின் சூட்டுல அது வேவுது. நீங்களும் அந்தோணி அண்ணனும் சந்து பொந்தெல்லாம் அடைச்சி வெச்சிட்டீங்க. வந்த ஆவி எங்க போவும்? மூடியிலதான் நிக்கும்.”

மூடியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அது சுட்டிருக்கும், சுட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து பின்பக்கம் போனீர்கள். திரும்பி வந்தபோது சோறு ஆறியிருந்தது.

“வெடி ஒரு தபா வெடிச்சா அத்தோட அதுக்கு வேலை முடிஞ்சுது. அதுவரைக்கும் நனையாம இருந்தா போதும். இது அப்டியில்ல மே. நாளைக்கும் ஓடணும், மறுநாளும் ஓடணும். மூச்சு வுட வழி வைக்கணும்.”

அப்புறம் என்னைப் பார்த்து, “பள்ளிக்கூடத்துல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?” என்றீர்கள். “இல்ல, சோத்துப் பானை சொல்லிக் குடுத்துச்சு” என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

கொழுப்பையும் தாரையும் சுரண்டி எறிந்தீர்கள். பலகையை அக்கக்காகக் கழற்றி என் அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைத்தீர்கள். காய்ந்ததும் தேன்மெழுகை உருக்கி அதற்குள் போட்டு எடுத்து மறுபடியும் பெட்டியாகப் பூட்டினீர்கள். அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய காரியம். பெட்டியின் அடியில் துளை போட்டீர்கள். மூடியைப் பெட்டியைவிட அகலமாக, தாழ்வாரம் இறங்குகிற மாதிரி வைத்தீர்கள். எஞ்சின் சூட்டுக்குத் தள்ளி, உயரமாக, உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள்.

அந்தோணி அண்ணனுக்கு அந்தத் துளையைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. “தண்ணி வரக்கூடாதுன்னு செய்யற பொட்டியில எவனாவது ஓட்டை போடுவானா? இன்னாத்துக்கு நீ இப்டி பண்ற?” என்று கேட்டார். நீங்கள் என் பக்கம் பார்த்தீர்கள். அவரும் பார்த்தார். அப்புறம் அவர் என் வீட்டில் கொஞ்ச நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எனக்கும் பயந்தான். என் பேச்சை நம்பித்தான் அந்தத் துளை விழுந்தது. அது தப்பாகப் போனால் என் வாயே உங்களைப் புது லெவலுக்கு அனுப்பிவைத்ததாகும். உங்களிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பீர்கள்.

சோதித்துப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, “ஊத்து மே” என்றீர்கள். குடம் குடமாக ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சேர்ந்திருந்த கோபமெல்லாம் அதோடு போயிற்று. ராசம்மா வாசலில் நின்று, “அடியே, கொலை பண்ணிடாத” என்று கத்தினாள். மூன்றாவது குடத்தில் வண்டி விக்கி நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. திறந்து பார்த்தால் பெட்டி காய்ந்திருந்தது, ஒயர் நுழைகிற மூலை மட்டும் நனைந்திருந்தது. மேலேயிருந்து சரிவாக வந்த ஒயர், தண்ணீரை விரல் பிடித்துக் கூட்டிவந்து உள்ளே விட்டிருந்தது.

இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றோம். அப்போது நீங்கள் என் தலைக்கு மேலே எதையோ பார்த்தீர்கள். என் துணிக்கொடி. நான் வீசிய தண்ணீர் அதிலும் பட்டிருந்தது. இரண்டு முனையிலிருந்தும் துளிகள் ஓடிவந்து நடுவில் கொடி தொய்ந்த இடத்தில் சேர்ந்து, அங்கேயே கீழே விழுந்துகொண்டிருந்தன. ஒரு துளிகூட மறுபடி மேலே ஏறவில்லை. நீங்கள் சத்தமில்லாமல் சிரித்தீர்கள். ஒயரைப் பெட்டிக்குக் கீழே தொங்கவிட்டு, வளைத்து, அடியிலிருந்து மேலே ஏற்றி உள்ளே நுழைத்தீர்கள். நான் மறுபடியும் குடத்தைத் தூக்கினேன். அந்தி சாயும்வரை ஊற்றினேன், வண்டு கத்திக்கொண்டேயிருந்தது.

மழை ஒரு வியாழக்கிழமை வந்தது. துரை ஆளனுப்பிவிட்டார். நான் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அது பேருக்குத்தான் பாலம், மழை வந்தால் ரோட்டின்மேலேயே ஓடை ஓடும். பக்கத்தில் ராசம்மா. கொஞ்சம் தள்ளி, என்னைப் பார்க்காத மாதிரி அந்தோணி அண்ணன். மழையில் ஊரே கரைந்துபோயிருந்தது. ஷாப்டின் தலையில் சுற்றுகிற பெரிய சக்கரங்கள் மட்டும் மேகத்துக்குள் நின்றன, அவற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லாத மாதிரி. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ டுப் டுப் டுப் என்று கேட்டது. காதை நம்பாமல் ராசம்மாவின் கையைப் பிடித்தேன். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள், கிண்டல் செய்யவில்லை.

வண்டி வந்தது. நீங்கள் முன்னால், பக்கத்தில் குடையோடு துரை, பின்னால் இரும்புச் சாமான். தண்ணீரில் இறங்கினீர்கள். சக்கரத்தில் பாதி முழுகியது, அலை இரண்டு பக்கமும் எழுந்து எஞ்சின்மேல் அடித்தது. சத்தம் அறுபடவில்லை. நடு ஓடைக்கு வந்ததும் துரை கையைத் தூக்கினார்.

“நிறுத்து.”

நிறுத்தினீர்கள். அந்த அமைதியில் மழை மட்டும் பெரிதாகக் கேட்டது.

“இப்போ கிளப்பு.”

இப்படி ஒன்று கேட்பார் என்று நாம் யாரும் நினைக்கவில்லை. நீங்கள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கைப்பிடியைச் சுற்றினீர்கள். ஒன்றுமில்லை. மறுபடியும் சுற்றினீர்கள். எஞ்சின் பெருமூச்சு விட்டு அடங்கியது. அப்போது உங்களுக்கு இருமல் வந்தது. கைப்பிடியைப் பிடித்தபடியே குனிந்து, முதுகு அதிர அதிர இருமினீர்கள். துரை குடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அந்தத் துளையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் எப்போது என் பக்கத்தில் வந்தார் என்று தெரியாது. “பொட்டி காஞ்சிதான் கீதும்மா. பயப்படாத” என்றார்.

இருமல் நின்றது. வாயைப் புறங்கையால் துடைத்தீர்கள். உடம்பு முழுவதையும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினீர்கள்.

டுப்.

பிறகு டுப் டுப் டுப். கரையில் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் துரை சொன்னது பாதிதான் கேட்டது. “திங்கக்கெழம கேஜுக்குப் போவ வேணாம்.” நீங்கள் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றீர்கள், வண்டியில் ஏறவேண்டும் என்பதே மறந்துபோன மாதிரி. நான் சாக்குக்குள் முகத்தை வைத்து அழுதேன். ராசம்மா என் முதுகில் தட்டி, “சக்களத்தி நல்லவதான்டி” என்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன் சங்கு ஊதியது. பட்டறைக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் உங்கள் கால்கள் தாமாக எழுந்து துண்டைத் தேடின. வாசல்வரை போய்விட்டீர்கள். “எங்க போறீங்க?” என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். ஆட்கள் ஷாப்டுப் பக்கம் போகிற சத்தம் தட்டிக்கு வெளியே கேட்டுக்கொண்டேயிருந்தது. அது ஓய்கிறவரை நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. உங்கள் இடத்தில் கீழே போக ஒருவர் இருப்பார் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் நினைக்கவில்லை. எனக்கு அன்று சந்தோஷந்தான், அதை மறைக்கப் போவதில்லை.

அதற்கப்புறம் நமக்குச் சில மழைக்காலங்கள் கிடைத்தன. இருமல் உங்களை விடவில்லை. ஒரு பெட்டிக்கு மூச்சுவிட வழி கண்டுபிடித்தவர்கள் நாம். உங்கள் நெஞ்சுக்கு வழி எனக்குத் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியவில்லை. பாறைத்தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். போன பனிக்காலத்தில், நம் வீட்டில், என் கை பக்கத்தில் இருக்கும்போது போனீர்கள். கீழே போய்த் திரும்பாதவர்களின் வீடு இந்த லைனில் எத்தனையோ இருக்கிறது, உனக்கு அதாவது கிடைத்ததே என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் எனக்குப் போதவில்லை. எனக்கு நீங்கள் கிழவராக வேண்டியிருந்தது.

ஒன்று உங்களிடம் சொல்லவேயில்லை. மேலே வந்த முதல் வாரத்தில், புதன்கிழமை என்று நினைக்கிறேன், பட்டறையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தீர்கள். வேலை நாளில், நடுப்பகலில். எனக்கு வீட்டுக்குள் யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தீர்கள், வெயில் நேராக முகத்தில் விழுந்தது. குழம்பு ஊற்றக் குனிந்தபோது நீங்கள் நிமிர்ந்தீர்கள். உங்கள் கண் கருப்பு என்றே நான் நினைத்திருந்தேன். புதுப்பெண்ணாக இருந்தபோது நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். பிறகு விளக்கு வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் நீங்கள். அது கருப்பு இல்லை. வெல்லப்பாகு நிறம். இடது கண்ணில், கருமணிக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு கருப்புப் புள்ளி.

“இன்னாமே அப்டிப் பாக்கிற? கொழம்பு ஊத்து.”

“ஊத்தறேன்” என்றேன்.

அந்தப் புள்ளி எந்தப் பக்கம் என்று கேட்டால் உங்கள் அம்மாவுக்கு அப்புறம் இந்த உலகத்தில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.